பெயின்ட் டப்பாவும் ஏணியும்: ‘விலங்குப் பண்ணை’யில் பிரச்சாரம் வேலை செய்யும் விதம்

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். இந்தப் பழமொழியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நெய் வடிகிறது என்று சொன்னவனை அது ஒன்றும் சொல்வதில்லை. திட்டு முழுக்கக் கேட்டவனுக்குத்தான். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யைக் கல்லூரியில் நான்-டீடெயிலாகப் படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். குதிரையும் கோழியும் ஆடும் இத்தனை மக்காக இருந்தால் பன்றி ஏய்க்காமல் என்ன செய்யும்? பரீட்சையில் அதையே கொஞ்சம் நாகரிகமாக எழுதி மார்க்கும் வாங்கினேன்.

பல வருடம் கழித்து மறுபடி படித்தபோது கதை வேறு மாதிரித் தெரிந்தது. அந்த மிருகங்கள் லேசில் எதையும் நம்பிவிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் எங்கோ இடிக்கிறதே என்று அவற்றுக்குத் தோன்றிக்கொண்டேதான் இருக்கிறது. முன்பு வேறு மாதிரி இருந்ததே என்று முணுமுணுக்கின்றன. ஆனால் முன்பு எப்படி இருந்தது என்று அடித்துச் சொல்ல அவற்றின் கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. பொய்யை நம்ப வைப்பதற்குப் பன்றிகள் படுகிற பாடு கொஞ்சம்தான். மற்றவர்கள் தங்கள் ஞாபகத்தையே சந்தேகப்படும்படி செய்வதற்குத்தான் அவை ராப்பகலாக உழைக்கின்றன.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இங்கிலாந்தில் ஒரு பண்ணை. முதலாளி ஜோன்ஸ் குடிகாரர். தீனி போட மறந்த ஒரு நாள் மிருகங்கள் திரண்டு அவரை விரட்டிவிடுகின்றன. இனி எல்லா விலங்கும் சமம் என்று ஏழு கட்டளைகளை வகுத்து, தார் பூசிய களஞ்சியச் சுவரில் வெள்ளை எழுத்தில், 30 கஜ தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக எழுதி வைக்கின்றன. எழுத்து நன்றாக வருகிற பன்றிகள் நிர்வாகம் பார்க்கத் தொடங்குகின்றன. கொஞ்ச நாளில் நெப்போலியன் என்ற பன்றி, போட்டிக்கு நின்ற ஸ்னோபால் என்ற பன்றியை நாய்களை ஏவித் துரத்திவிட்டுத் தனியாளாகிவிடுகிறது. சோவியத் யூனியனில் ஸ்டாலின் தன் போட்டியாளர் டிராட்ஸ்கியை விரட்டியதன் உருவகம் இது. யார் ஸ்டாலின், யார் டிராட்ஸ்கி என்கிற பட்டியல் எல்லா கைடிலும் இருக்கிறது, அதை விட்டுவிடலாம். எனக்கு வேண்டியது மூன்றாவது பன்றி, ஸ்குவீலர். உருண்டைக் கன்னம், துறுதுறு கண், கீச்சுக் குரல். வாதம் சிக்கலாகும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துள்ளி வாலை ஆட்டும். சோவியத் பத்திரிகை ‘பிராவ்தா’வுக்கு உருவம் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்வது வழக்கம்.

ஸ்குவீலர் முதலில் களமிறங்குவது பால் விஷயத்தில். கறந்த பாலும் மரத்தடியில் விழுந்த ஆப்பிளும் பன்றிகளுக்கு மட்டும் போகின்றன. எங்கே எங்கள் பங்கு என்று மற்றவை கேட்கின்றன. ஸ்குவீலர் சொல்கிற பதிலைப் பிரித்துப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். எங்களில் பலருக்குப் பாலும் ஆப்பிளும் பிடிக்கவே பிடிக்காது என்பது முதல் அடுக்கு. மூளை உழைப்புக்கு அவை அவசியம், விஞ்ஞானமே நிரூபித்திருக்கிறது என்பது இரண்டாவது. கடைசியில், நாங்கள் தளர்ந்துபோனால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவானே, உங்களில் யாருக்காவது ஜோன்ஸ் வர வேண்டுமா? கேட்டது பால் எங்கே போயிற்று என்று. வந்தது ஜோன்ஸ் வர வேண்டுமா என்று. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் ஜோன்ஸ் வேண்டாம் என்பதில் எந்த மிருகத்துக்கும் மாற்றுக் கருத்து இல்லாததால், பால் கணக்கும் அதோடு பைசலாகிவிடுகிறது. ஜோன்ஸ் வருவான் என்கிற இந்தப் பூச்சாண்டி நாவலில் அதற்கப்புறமும் திரும்பத் திரும்ப வரும். ஒரு தடவைகூட அது தோற்பதில்லை.

இதுவரை சாதாரண மேடைச் சாமர்த்தியம். தமிழில் பிரச்சாரம் என்பது ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை. தேர்தல் நேரத்தில் ஆட்டோவில் மைக் கட்டிப் போவதற்கும் அதுதான் பெயர். அந்த ஆட்டோ சொல்வதெல்லாம் உண்மையா என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் பத்து நிமிடத்தில் பின்னாலேயே இன்னொரு ஆட்டோ வந்து நேர்மாறாகக் கத்திவிட்டுப் போகும். பண்ணையில் ஸ்னோபால் இருந்தவரை இரண்டு ஆட்டோ ஓடின. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஸ்னோபால் பேசும், நெப்போலியன் மறுக்கும். ஸ்னோபாலை விரட்டிய கையோடு நெப்போலியன் செய்கிற முதல் காரியம் அந்த விவாதத்தை ரத்து செய்வதுதான். அதற்கப்புறம் ஓடுவது ஒரே ஆட்டோ.

நாவலின் நடு நரம்பு என்று நான் நினைக்கிற இடம் இதற்குப் பிறகு வருகிறது. பக்கத்துப் பண்ணைகளோடு வியாபாரம் செய்யப் போகிறோம் என்கிறது நெப்போலியன். மனிதரோடு கொடுக்கல் வாங்கல் கூடாது, காசைத் தொடக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டோமே என்று மிருகங்களுக்கு ஞாபகம். ஞாபகம் என்று நினைக்கின்றன. பிறகு ஸ்குவீலர் பண்ணையைச் சுற்றிவந்து பேசுகிறது. அப்படி ஒரு தீர்மானம் போடவே இல்லை தோழர்களே, ஸ்னோபால் பரப்பிய கதையாக இருக்கும் என்கிறது. சிலருக்குச் சந்தேகம் தீரவில்லை. அப்போது கேட்கிறது: இது நீங்கள் கண்ட கனவாக இருக்கலாமோ? அந்தத் தீர்மானத்துக்கு ஏதாவது பதிவு வைத்திருக்கிறீர்களா? எங்காவது எழுதியிருக்கிறதா?

எழுதியில்லைதான். ஆகவே தப்பு நம் மேல்தான் என்று மிருகங்கள் சமாதானமாகிவிடுகின்றன.

எழுத்து என்பது அந்தப் பண்ணையில் யாரிடம் எவ்வளவு இருந்தது என்று ஆர்வெல் கணக்கெடுத்த மாதிரிச் சொல்லியிருக்கிறார். பாக்ஸர் என்ற வண்டிக்குதிரைக்கு முதல் நான்கு எழுத்துக்கு மேல் ஏறவில்லை. ஐந்தாவது எழுத்தைக் கற்றால் பழைய நான்கும் மறந்துவிடும், அதனால் மண்ணில் குளம்பால் அந்த நான்கையே தினம் எழுதிப் பார்க்கும். குளோவர் என்ற பெண் குதிரைக்கு எல்லா எழுத்தும் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. மோலி என்ற ஒய்யாரக் குதிரை தன் பெயரில் உள்ள எழுத்துகளைத் தவிர வேறெதையும் கற்க மறுத்துவிடுகிறது. மியூரியல் என்ற ஆடு ஓரளவு படிக்கும். பெஞ்சமின் என்ற கழுதை பன்றிகளுக்கு இணையாகப் படிக்கும். ஆனால் படிக்கிற அளவுக்கு எதுவும் இல்லை என்று சும்மா இருந்துவிடும். சுவரில் எழுதியது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதைச் சரிபார்க்கும் திறமை மட்டும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களிடம்.

பன்றிகள் ஜோன்ஸ் வீட்டுக் கட்டிலில் தூங்க ஆரம்பித்ததும் குளோவர் மியூரியலைக் கூட்டிக்கொண்டு சுவருக்குப் போகிறது. எந்த விலங்கும் கட்டிலில் தூங்கக் கூடாது என்றுதானே இருந்தது? மியூரியல் எழுத்துக் கூட்டிப் படிக்கிறது: விரிப்பு போட்ட கட்டிலில் தூங்கக் கூடாது. அப்புறம் மது குடிக்கக் கூடாது என்பது அளவுக்கு மீறிக் குடிக்கக் கூடாது என்று ஆகிறது. எந்த விலங்கும் இன்னொரு விலங்கைக் கொல்லக் கூடாது என்பது காரணமில்லாமல் கொல்லக் கூடாது என்று ஆகிறது. இங்கே ஒரு சின்ன இலக்கண வேடிக்கை இருக்கிறது. ஆங்கில வாக்கிய அமைப்பில் இந்த ஒட்டுச் சொற்கள் மூன்றும் வரியின் கடைசியில் போய் உட்காரும். சுவரில் வரி முடிகிற இடத்தில் காலியாகக் கிடக்கிற இடத்தில் இரண்டு சொல் எழுதினால் போதும், பழைய எழுத்தைத் தொட வேண்டியதே இல்லை. தமிழில் எழுதிப் பாருங்கள். ‘விரிப்பு போட்ட’ என்பது வரிக்கு நடுவே நுழைய வேண்டும், ‘கூடாது’ கடைசியில் அசையாமல் நிற்கும். நம் சுவராக இருந்தால் ஸ்குவீலர் முழு வரியையும் சுரண்டிவிட்டுத் திரும்ப எழுத வேண்டியிருந்திருக்கும். ‘விலங்குப் பண்ணை’யைத் தமிழாக்கிய க.நா.சு. இந்தச் சங்கடத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாரா என்று நினைத்துக்கொள்வேன்.

எப்படி எழுதப்பட்டது என்பதை ஆர்வெல் ஒரே ஒரு தடவை காட்டுகிறார். நள்ளிரவு, 12 மணி வாக்கில் பெரிய சத்தம். மிருகங்கள் ஓடிவந்து பார்க்கின்றன. கட்டளைகள் எழுதிய சுவரின் அடியில் ஏணி இரண்டாக உடைந்து கிடக்கிறது. பக்கத்தில் ஸ்குவீலர் மயங்கி விழுந்திருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு லாந்தர், ஒரு பிரஷ், கவிழ்ந்துபோன வெள்ளைப் பெயின்ட் டப்பா. நாய்கள் உடனே ஸ்குவீலரைச் சுற்றி வளைத்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகின்றன. எவருக்கும் ஒன்றும் புரியவில்லை, பெஞ்சமினைத் தவிர. அது எல்லாம் தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகும் பிரச்சாரம் தப்பித்துவிடுகிறது. பார்த்ததைக் கோத்துச் சொல்ல வேண்டிய ஆள் பேசவில்லை, பேசினாலும் நாய்கள் நிற்கின்றன. ஸ்குவீலர் பேசும்போதெல்லாம் எதேச்சையாக உடன் வந்த மாதிரி மூன்று நாய் உறுமிக்கொண்டிருக்கும். வாதத்தின் நாலாவது அடுக்கு அந்த உறுமல்.

பாக்ஸரை மட்டும் ஸ்குவீலரால் சுலபமாக மடக்க முடியவில்லை. ஜோன்ஸ் ஆட்களோடு திரும்பி வந்து நடந்த சண்டையில் ஸ்னோபால் முன்னணியில் நின்று முதுகில் குண்டுக் காயம் பட்டதைப் பாக்ஸர் நேரில் பார்த்தது. ஸ்னோபால் ஆரம்பத்திலிருந்தே ஜோன்ஸின் ஒற்றன், அந்தக் காயமும் நாடகம் என்கிறது ஸ்குவீலர். சண்டைக் காட்சியை அது தத்ரூபமாக வர்ணிக்க வர்ணிக்க, மற்ற மிருகங்களுக்கு ஸ்னோபால் புறமுதுகு காட்டி ஓடியது ஞாபகம் வருகிற மாதிரியே இருக்கிறது. பாக்ஸர் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. தலைவர் நெப்போலியன் இதைத் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறார் என்கிறது ஸ்குவீலர். ஓ, அப்படியானால் சரி, தோழர் நெப்போலியன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாக்ஸர் தலையாட்டுகிறது. கண்ணால் கண்டதை ஒரு வாக்கியத்துக்காக விட்டுக்கொடுக்கிறது. ஆனாலும் ஸ்குவீலர் அதை ஒரு பார்வை பார்க்கிறது. நான்கு நாளில் நாய்கள் பாக்ஸர் மேல் பாய்கின்றன.

இதெல்லாம் கதைக்காக ஊதிப் பெருக்கியது என்று தோன்றலாம். உண்மையில் ஆர்வெல் அடக்கித்தான் வாசித்திருக்கிறார். 1936 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த முதல் பெரிய விசாரணையில் பழைய கட்சித் தலைவர்களான ஜினோவியேவ், காமனேவ் உட்பட 16 பேருக்கு மரண தண்டனை கிடைத்தது. அவர்களில் ஒருவர், 1932-இல் கோபன்ஹேகனில் பிரிஸ்டல் ஹோட்டலில் டிராட்ஸ்கியின் மகனைச் சந்தித்துச் சதி பேசியதாக வாக்குமூலம் கொடுத்தார். அந்த ஹோட்டலை 1917-லேயே இடித்துவிட்டார்கள். இல்லாத ஹோட்டலில் நடந்த சந்திப்பு. விஷயம் வெளியே தெரிந்தபிறகும் தீர்ப்பு தீர்ப்பாகவே இருந்தது. நாவலிலும் இதே மாதிரி ஓரிடம் உண்டு. களஞ்சிய அறையின் சாவி காணாமல் போகிறது. ஸ்னோபால்தான் கிணற்றில் போட்டுவிட்டான் என்று பண்ணை முழுக்கப் பேச்சு. பிறகு சாவி ஒரு மாவு மூட்டைக்கு அடியில் கிடைத்துவிடுகிறது. கிடைத்த பிறகும் ஸ்னோபால் கிணற்றில் போட்டதை மிருகங்கள் தொடர்ந்து நம்புகின்றன.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்குவீலர் காலில் நீளமான காகிதச் சுருளைப் பிடித்துக்கொண்டு புள்ளிவிவரம் வாசிக்கும். ஒவ்வொரு தானியமும் 200 சதவீதம், 300 சதவீதம், 500 சதவீதம் கூடியிருக்கிறது. வயிறு மட்டும் காய்கிறது. எண்ணிக்கை இவ்வளவு இருக்கட்டும், சாப்பாடு இன்னும் கொஞ்சம் இருக்கக் கூடாதா என்று மிருகங்கள் ஏங்குகிற நாட்களும் உண்டு. ரேஷனைக் குறைக்கும்போது குறைப்பு என்ற சொல்லை ஸ்குவீலர் வாயில் எடுக்காது, சீரமைப்பு என்றுதான் சொல்லும். சோவியத் யூனியனில் எண்கள் இன்னும் ஆபத்தானவை. 1937 ஜனவரியில் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. 16 கோடியே 20 லட்சம் பேர் என்று வந்தது. 1932-33 பஞ்சத்தில் செத்தவர்கள் அந்த எண்ணுக்குள் ஓட்டையாகத் தெரிந்தார்கள். முடிவை வெளியிடாமல் அமுக்கிவிட்டுக் கணக்கெடுத்த அதிகாரிகளைக் கைது செய்தார்கள். சிலரைச் சுட்டார்கள். 1939-இல் மறுபடி எடுத்தார்கள், 17 கோடி வந்தது.

வெளியாரை ஏமாற்ற வேறு உத்தி. பண்ணையில் பஞ்சம் என்று வெளியே தெரியக் கூடாது. தரகர் விம்பர் வருகிற நாளில் காலித் தொட்டிகளை மணலால் நிரப்பி, மேலே மட்டும் தானியத்தைப் பரப்பி வைக்கிறார்கள். ரேஷன் கூடிவிட்டது என்று அவர் காதுபடப் பேசச் சில ஆடுகளைத் தயார் செய்கிறார்கள். 1933-இல் பிரான்ஸின் முன்னாள் பிரதமர் எதுவார் எரியோ உக்ரைனுக்குப் போய், ஏற்பாடு செய்து காட்டிய இடங்களைப் பார்த்துவிட்டு, பூத்துக் குலுங்கும் தோட்டம் மாதிரி இருக்கிறது என்று சொன்னதை இதோடு வைத்துப் படிக்கலாம். விம்பரிடமும் எழுத்தறிவு இருந்தது. அது போதவில்லை.

ஆடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான்கு கால் நல்லது, இரண்டு கால் கெட்டது என்று அவை மணிக்கணக்கில் கத்தும். அது யாரையும் மனம் மாற்றுவதற்காக இல்லை. யாராவது எதிர்த்துப் பேச வாயெடுக்கும்போது சரியாக அந்தக் கத்தல் எழும்பும், பேச்சு கேட்காமல் போகும். பஞ்சதந்திரத்தில் ஆட்டைத் தோளில் சுமந்துபோகும் அந்தணரிடம் மூன்று திருடர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, என்ன சாமி நாயைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்பார்களே, அங்கே திரும்பத் திரும்பச் சொல்வது சந்தேகத்தை விதைக்கிறது. ஆர்வெல்லின் ஆடுகள் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடுவதில்லை. சத்தம் போட்டால் போதும். அதே ஆடுகளைப் பின்னால் ஒரு வாரம் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்ப் புதுப் பாட்டு கற்றுக்கொடுக்கிறது ஸ்குவீலர். அடுத்து பன்றிகள் பின்னங்காலில் நிமிர்ந்து நடந்து வரும்போது, நான்கு கால் நல்லது, இரண்டு கால் ரொம்ப நல்லது என்று கத்துகின்றன.

ஆர்வெல்லுக்கு இது எங்கிருந்து தெரிந்தது? ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அவர் சேர்ந்திருந்த படையை 1937-இல் கம்யூனிஸ்ட் பத்திரிகைகள் பாசிஸ்ட் கைக்கூலி என்று எழுதின. தொண்டையில் குண்டு வாங்கியவர் அதைப் படித்தார். அது ஒரு பள்ளிக்கூடம். இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை: அவரே இரண்டு வருடம் ஸ்குவீலர் வேலை பார்த்திருக்கிறார். 1941 முதல் 1943 வரை பிபிசியின் கிழக்குச் சேவையில், இந்தியாவுக்கான பிரிவில் இருந்தார். பிரிட்டன் பக்கம் இந்தியர்களை இழுத்து வைப்பதுதான் அந்த ஒலிபரப்பின் நோக்கம். அவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த போர்ச் செய்தி மடல்களை வங்காளம், மராத்தி, குஜராத்தி, தமிழ் என்று பெயர்த்து வாசித்தார்கள். தமிழ் ரேடியோ கேட்ட யாரோ ஒருவர் பெயர் தெரியாமலே ஆர்வெல்லைக் கேட்டிருப்பார். 1943 நவம்பரில் அந்த வேலையை விட்டார். அதே மாதம் இந்த நாவலைத் தொடங்கினார். 1944 பிப்ரவரியில் முடித்துவிட்டார்.

அச்சேற்றத்தான் படாதபாடு. அப்போது சோவியத் யூனியன் பிரிட்டனின் போர்க் கூட்டாளி. ஒரு பதிப்பாளர் ஒத்துக்கொண்ட பிறகு, தகவல் அமைச்சகத்தில் ஓர் அதிகாரியிடம் யோசனை கேட்டுவிட்டுப் பின்வாங்கினார். பன்றிக்குப் பதில் வேறு மிருகத்தைத் தலைமையில் வைத்திருந்தால் இவ்வளவு உறுத்தாது என்றும் ஆர்வெல்லுக்கு எழுதினார். ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த கவிஞர் டி. எஸ். எலியட்டும் வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணம் இன்னும் விசேஷம்: பன்றிகள்தானே புத்திசாலிகள், பண்ணையை நடத்தத் தகுதி அவற்றுக்குத்தானே, பொதுநல எண்ணம் கொஞ்சம் கூடிய பன்றிகள் இருந்தால் சரியாகியிருக்கும் என்கிற தொனியில் எழுதினார். ஸ்குவீலருக்கு யாராவது இதைப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். கடைசியில் செக்கர் அண்ட் வார்பர்க் 1945 ஆகஸ்ட் 17 அன்று வெளியிட்டது. போர் அப்போதுதான் முடிந்திருந்தது.

பெஞ்சமின் தன் படிப்பைப் பயன்படுத்துகிற அபூர்வமான இடம் ஒன்று உண்டு. உழைத்துத் தேய்ந்து விழுந்த பாக்ஸரை ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி வண்டியில் ஏற்றுகிறார்கள். மிருகங்கள் சுற்றி நின்று போய் வா என்று வழியனுப்புகின்றன. கழுதை பாய்ந்து வந்து, முட்டாள்களே, வண்டியில் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள் என்று கத்திவிட்டுப் படிக்கிறது: குதிரை அறுப்பவர், பசை காய்ச்சுபவர், தோல், எலும்புத் தூள் வியாபாரி. அன்று எழுத்து பொய் சொல்லவில்லை. படித்தவனும் வாயைத் திறந்துவிட்டான். வண்டிதான் கிளம்பிவிட்டது. மூன்று நாளில் ஸ்குவீலர் வந்து விளக்குகிறது: அது முன்பு அறுப்பவருடைய வண்டி, மாட்டு டாக்டர் விலைக்கு வாங்கினார், பழைய பெயரை இன்னும் அழிக்கவில்லை, அவ்வளவுதான். கட்டளைச் சுவரில் ராத்திரியோடு ராத்திரியாக எழுத்தைத் திருத்திய அதே வாய், இங்கே எழுத்தைத் திருத்தாமல் விட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்கிறது. மிருகங்களுக்குப் பெரிய நிம்மதி. பாக்ஸரைச் சாகும்வரை ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஒரு தடவை அவை ஏமாந்ததாகக்கூட எனக்குப் படவில்லை. நம்பாவிட்டால் நண்பனைக் கைதட்டி வழியனுப்பியதோடு வாழ வேண்டும்.

புத்தகத்துக்கு நடந்ததும் ஒரு கதை. 1947-இல் ஜெர்மனியில் அகதி முகாம்களில் இருந்த உக்ரேனியர்களுக்காக அவர்கள் மொழியில் ஒரு பதிப்பு வந்தது. அமெரிக்க ராணுவ அதிகாரிகள் சுமார் 1,500 பிரதிகளைப் பிடித்து சோவியத் அதிகாரிகளிடமே ஒப்படைத்தார்கள். கூட்டாளி மனம் நோகக் கூடாதே. பிறகு காற்று திசை மாறியது. 1954-இல் ‘விலங்குப் பண்ணை’ கார்ட்டூன் படமாக பிரிட்டனில் தயாரானது. பின்னாலிருந்து பணம் போட்டது அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ. நாவலின் கடைசிக் காட்சியில் பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேசையில் சீட்டாடுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மிருகங்களுக்கு யார் பன்றி, யார் மனிதன் என்றே தெரியவில்லை. 1943 டெஹ்ரான் மாநாட்டை மனதில் வைத்து எழுதியதாக ஆர்வெல் சொல்லியிருக்கிறார். அதாவது ஸ்டாலினோடு சீட்டாடிய மனிதர்கள் பிரிட்டனும் அமெரிக்காவும். படத்தில் அந்த அறையில் மனிதர்களே இல்லை, வெறும் பன்றிகள். மிருகங்கள் மறுபடி கிளர்ந்தெழுந்து வீட்டுக்குள் புகுந்து நெப்போலியனை ஒழித்துவிடுகின்றன.

இதைத் தட்டிக்கேட்க ஆர்வெல் இல்லை. 1950 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். படத்தைச் சின்ன வயதில் பார்த்துவிட்டு அப்புறம் புத்தகத்துக்கு வருகிறவர்கள், கழுதை ஓடிவரும், சுவர் இடியும் என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.